ஒரு பல் குறைந்த சீப்பு

என் மேசையில், பேச்சுப் போட்டிகளில் வென்ற கோப்பைகளுக்கு முன்னால், வேப்பமரச் சீப்பு ஒன்று இருக்கிறது. அகன்ற பற்கள் கொண்டது. நடுவில் ஒரு பல் மட்டும் இல்லை. கோப்பைகளைப் பற்றி எவர் கேட்டாலும் தலைப்பையும் நான் நின்ற அணியையும் உடனே சொல்வேன். சீப்பைப் பற்றிக் கேட்டவர்களுக்கு இதுவரை விடை சொன்னதில்லை.

அது அம்மாவுடையது. துறைமுகச் சாலையில் இருந்த இறால் பதனிடும் நிறுவனத்தில் அம்மா வேலை பார்த்தாள். அங்கே தலையை வலைத்தொப்பிக்குள் அடக்கிக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். அம்மாவின் சுருட்டை முடியோ எந்தத் தொப்பிக்கும் அடங்காது. “ஏளா, ஒந் தலைக்கு மட்டும் ரெண்டு தொப்பி தரச் சொல்லணும்” என்று உடன் வேலை செய்த பெண்கள் கேலி செய்வார்கள். “ஒங்களுக்கெல்லாம் பொறாம” என்று சொல்லி அம்மா தலையை ஒருமுறை சிலுப்பிக்கொள்வாள். அதே முடி எனக்கும் வாய்த்தது. ஞாயிறு மாதாகோவில் பூசைக்கு முன் என்னை முன்னால் உட்கார்த்தி ஒரு மணி நேரம் சிக்கெடுப்பாள். வலித்ததாக நினைவில்லை. அவள் கை என்ன செய்தது என்றும் நினைவில்லை. நான் மனப்பாடம் செய்த உரையை ஒப்பித்துக்கொண்டிருப்பேன்.

கல்லூரிக்குப் போனதும் அழகு நிலையத்தில் மருந்திட்டு முடியை நேராக்கிக்கொண்டேன். மேடையில் நிற்பவளுக்குத் தோற்றமும் ஒரு வாதம் என்று உறுதியாக நம்பினேன். ஆண்டுக்கு இருமுறை அந்த நெடியைச் சகித்துக்கொண்டேன். அழகு பிறப்பால் வருவதா, பராமரிப்பால் வருவதா என்று ஒரு போட்டி நடந்தது. நான் பராமரிப்பின் பக்கம். மூன்றாம் வரிசையில் அம்மா இருந்தாள். எழுதி வைக்காத ஒரு வரி அந்த நேரத்தில் நாவில் வந்தது. “அதோ, என் தாயின் கூந்தலைப் பாருங்கள்! போருக்குப் போன சீப்புகள் திரும்பி வராத களம் அது!” அரங்கமே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அம்மாவும் சிரித்தாள், சிரித்தபடியே முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். முதற்பரிசு எனக்கு.

திரும்பும் பேருந்தில், “நல்லாத்தான் பேசுன. எல்லாரும் சிரிச்சாங்கல்லா” என்றாள். சிறிது நேரம் கழித்து, “அந்த மருந்த எனக்கும் போடுவாங்களா?” என்று கேட்டாள். “ஒனக்கு இந்த வயசுல எதுக்கும்மா?” என்றேன். கோப்பை என் மடியில் இருந்தது. அன்றே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆயிரம் பேர் முன் தடுமாறாத நாவுக்கு அந்த ஒரு சொல் வரவில்லை.

அடுத்த ஆண்டு, வேலைக்கு நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த அம்மா எழவில்லை. வீட்டில் கிடத்தி வெள்ளைச் சேலை உடுத்தியபின், பக்கத்து வீட்டு அத்தை சீப்பை என்னிடம் நீட்டினாள். “சுருட்ட முடி எங்களுக்கு வசப்படாது. ஒனக்குத்தான் பழக்கம், நீ வந்து சீவுளா.” கேட்காமல் விட்ட மன்னிப்பைக் கையாலாவது கேட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். என் நேரான முடியைச் சீவுவதுபோலவே, உலர்ந்த கூந்தலில், உச்சியிலிருந்து கீழே இழுத்தேன். சிக்கு இறுகியது. மீண்டும் இழுத்தேன். பல் முறிந்தது. “விடுளா, போதும்” என்று அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாதி சீவிய தலைமேல் முக்காட்டை இழுத்து மூடினாள். முறிந்த பல்லை எவரும் தேடவில்லை. அது அம்மாவின் முடிக்குள்ளேயே இருந்தது. அவளோடு கல்லறைக்கும் போனது.

அதற்குப் பின் நான் மருந்திடவில்லை. ஓராண்டுக்கு மேல் என் தலையில் இரண்டு முடிகள் இருந்தன: காதுவரை சுருள், அதற்குக் கீழே நேர்கோடுகள். இரண்டும் சேருமிடத்தில் ஓயாத சிக்கு. “மேடைக்கு வாரப்ப அதக் கட்டிட்டு வரப்படாதாம்மா?” என்றார் விழா நடத்திய அண்ணாச்சி ஒருவர். கட்டாமலே பேசினேன். கடைசியில் நேர் முடியை வெட்டும்படி கேட்டபோது, அழகு நிலையத்து அக்கா கத்திரியைக் கீழே வைத்துவிட்டு முதலில் சீவக் கற்றுக்கொடுத்தாள். “காஞ்ச தலையில சீப்ப வைக்காத. நல்லா நனைச்சுக்கோ. நுனியில தொடங்கி மேல போ.” அவ்வளவுதான். அதைச் சொல்ல அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் தலையை நனைத்து, நுனியிலிருந்து மேல்நோக்கி இந்தச் சீப்பால் சீவுகிறேன். வலிப்பதில்லை. பல் இல்லாத இடத்தில் மட்டும் ஒரு கற்றை சீவப்படாமல் நிற்கிறது. அதை நான் விரலால்கூடச் சரிசெய்வதில்லை.