தச்சருக்கு என்று சொல்லி வாங்கிய ரம்பம்

2023 ஆகஸ்ட் 20, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறேகாலுக்குப் பால் வாங்கினேன். வாரத்துக்கான ஐந்து சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன். ஒன்பதரைக்கு மயிலாப்பூரில் எங்கள் வீட்டு வாசலில் அக்கா ஆட்டோவில் வந்து, "லிஸ்ட் எடுத்துக்கிட்டியா, ஏறு" என்றார். என் நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததை நான் எழுதி வைக்கவில்லை. அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உங்களுக்காக இப்போது எழுதுகிறேன்.

அக்கா மயிலாப்பூரில் ஒரு வாடகை போர்ஷனில் பிறந்தார். பத்தொன்பது வயதில் அப்பாவை இழந்ததும் தி. நகரில் ஒரு நிறுவனத்தில் தட்டச்சராகச் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்தார். அம்மாவை இறுதிவரை பார்த்துக்கொண்டார். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஐந்து வாடகை வீடுகள் மாறினோம். ஐந்திலும் ஒரே நிபந்தனை: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அப்பாவின் படம் எல்லா வீட்டிலும் அலமாரி மேல் சாய்ந்தே இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு பெருங்குடியில் சிறிய ஃபிளாட் ஒன்றை வாங்கினார். "முதல் ஆணி நான்தான் அடிப்பேன். திங்கக்கிழமை ஏழு மணிக்கு வந்து ஸ்டூலைப் பிடிச்சுக்கோ, போதும்" என்று என்னிடம் சொல்லியிருந்தார். பிறகு சமையலறைக்குத் தாமே ஒரு ஷெல்ஃப் செய்வதாகத் திட்டம்.

கருவிகள் வாங்க ராயப்பேட்டையில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனோம். என் பட்டியலில் முப்பத்திரண்டு பொருள்கள், வரிசை எண்ணோடு.

"இவ்வளவும் வாங்கினா வைக்கிறதுக்கு இன்னொரு ஃபிளாட் வாங்கணும்டா" என்று சிரித்துவிட்டு, அக்கா ஆறை மட்டும் கேட்டார்: சுத்தியல், ரம்பம், அரை அங்குல உளி, மூலைமட்டம், டேப், ஸ்க்ரூ டிரைவர். மூன்று சுத்தியல்களை ஆட்டிப் பார்த்து, மணிக்கட்டைச் சாய்க்காத ஒன்றை எடுத்துக்கொண்டார். ரம்பத்தின் பற்களை விரலால் தடவினார். பல் நெருக்கமாக இருந்தால்தான் பலகை சிலும்பாமல் அறுபடுமாம்.

கடைக்காரர் வேடிக்கை பார்த்தார். "இன்னாமா, ரம்பத்த இப்படித் தடவினுகீற? வூட்டுக்காரரு மேல கோவமா?"

நின்றிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"யாருக்கு சார் இதெல்லாம்?"

"கார்பென்டருக்குப்பா. இவங்க சும்மா கூட வந்திருக்காங்க" என்றேன்.

அக்கா ரம்பத்தை மேசை மேல் வைத்தார். பிறகு எதையும் கையில் எடுக்கவில்லை. மிச்சத்தை நான் எடுத்தேன். உளியை அளவு தவறி எடுத்திருந்தேன். அதையும் அவர் சொல்லவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில், "தம்பி, நாளைக்கு நீ சிரமப்படாத. அதான் கார்பென்டர் வருவாரே" என்றார். குரலில் கோபம் இல்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லாததால், அந்தச் சொல் எனக்கு வசதியாக இருந்தது. மன்னிப்புக் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு இதயக் கோளாறால் நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தபின் அக்கா மறைந்தார். நான்கு நாளும் பேசும் நிலையில்தான் இருந்தார். நான் காப்பீட்டுப் படிவத்தைப் பற்றிப் பேசினேன்.

மருத்துவமனையில் முறைவைத்துத் துணையிருந்த உறவினர்களையும், தி. நகரிலிருந்து திரண்டு வந்த அவருடைய அலுவலகத் தோழிகளையும் எங்கள் குடும்பம் மறக்காது. எல்லோருக்கும் மேலாக எதிர் ஃபிளாட் மல்லிகா அம்மாவுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். அந்தத் திங்கட்கிழமை நடந்தது, பதின்மூன்றாம் நாள் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"நீங்க வருவீங்கன்னு ஏழரை வரிக்கும் ஸ்டூலைப் போட்டுக்கினு ஒக்காந்திருந்தாங்க சார். அப்பறம்தான் என்னைக் கூப்ட்டாங்க. 'இன்னாக்கா, சுத்தியெல்லாம் புடிப்பியா'ன்னு கேட்டேன். மூணே அடி சார். ஆணி நேரா எறங்கிச்சு."

அன்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்ட அந்தக் கைகளை வணங்குகிறேன்.

ஆகஸ்ட் 21, திங்கட்கிழமை. என் குறிப்பின் முதல் வரி: காலை ஆறரை முதல் ஏழரை வரை பூங்காவில் நடை, ஆறு சுற்று.