நாலாவது கலியாண அட்டையும் பழைய விண்டோஸும்

எழுத்துக் கோர்க்கும் தொழிலில் விரலுக்கு முன்னால் காதுதான் பழகும். கிழக்கிலங்கைக் கரையோரச் சாய்ந்தமருதில் நான் கடை திறந்த முதல் காலை, கணினி விழிக்கும்போது எழுந்த அந்த மெல்லிய இசை இன்னும் கேட்கிறது. வெளியே கடல் இரைந்துகொண்டிருந்தது. இசை எங்கே முடிந்தது, கடல் எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. பிறகு எத்தனையோ புதிய விண்டோஸ் வந்தன. என் கணினி மட்டும் அதே கனவில் கிடந்தது. பழைய கணினியோடு குடித்தனம் நடத்தும் உங்களுக்கு மிச்சத்தைச் சொல்லவா வேண்டும்?

விழிக்கும் நேரம்

பொத்தானை அழுத்திவிட்டுப் பிளேன்டீ ஊற்றிக் குடித்து முடிக்கலாம். அதற்குள் திரை வெளுக்கத் தொடங்கினால் அதிர்ஷ்டம். கடிதம் அடிக்க வந்த மீன் வியாபாரி ஒருவர் கதிரையில் சாய்ந்தார், கடற்காற்றில் உறங்கியும் போனார். கண் விழித்ததும் திரையைப் பார்த்துவிட்டு, அக்காவிடம் கேட்பது போல என்னிடம் கேட்டார்.

"என்ன ராத்தா, நானும் எழும்பிட்டன், இது இன்னும் எழும்பல்லயே!"

மல்லிகைக் கொடி

அடுத்த தெருக் குல்சுமுக்கு நான்கு பெண்பிள்ளைகள். மூத்தவர்கள் மூவரின் கலியாண அட்டைகளும் என் கணினியில்தான் பிறந்தன. ஓரத்தில் மல்லிகைக் கொடி, நடுவில் சாரல் போலச் சாய்ந்த எழுத்து. அதை வரைந்த மென்பொருள் பழைய விண்டோஸில் மட்டுமே ஓடும்.

நாலாவது மகள் றிஸ்னா கணினி படித்தவள். என் கணினியைத் திருத்துபவளும் அவள்தான். "மாத்துங்க மாமி, வைரஸ் பூந்தா ஊராக்கள்ட வேலையெல்லாம் போயிரும்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவாள். அவள் போனதும் தாய் வந்து நிற்பாள்.

"அவள்ட காட் அடிச்ச மறுகா மாத்துங்க ராத்தா. மூணு பேருக்கும் அந்தப் பூ, என்ட கடக்குட்டிக்கு மட்டும் வேறயா?"

வராத மாப்பிள்ளை

இப்படி என் கணினியின் ஆயுள் றிஸ்னாவின் கலியாணத்தில் தொங்கியது. அவளுக்கென்று சீதன வீடு எழும்பியது. கூரை வேய்ந்து, கதவுக்குப் பெயின்டும் அடித்தாயிற்று. மாப்பிள்ளைகள் பேசப்பட்டார்கள். கணினி திருத்தும் வேலையை விடச் சொன்னார்கள். அவள் மாட்டேன் என்றாள். ஒவ்வொரு பேச்சு வரும்போதும், அவளுக்கென முன்கூட்டியே கோர்த்து வைத்திருந்த அட்டையைத் திறந்து பார்ப்பேன். அவள் பெயர் இருக்கும். பக்கத்து இடம் நிலவு விழுந்த மணல் போல வெறுமையாய்க் கிடக்கும்.

ஒரு நாள் வைரஸ் வந்தேவிட்டது. வீரமுனைப் பிள்ளையார் கோயில் திருவிழா நோட்டீஸ் பாதியில் அழிந்தது. அடிக்கக் கொடுத்த பெரியவர் கோபிக்கவில்லை.

"பிள்ளையாருக்கு நாள் குறிச்சாச்சு அம்மா, உங்கட கொம்பியூட்டருக்குத்தான் இன்னும் குறிக்கல்ல."

மாற்றிய நாள்

றிஸ்னாவை வரச் சொன்னேன். குல்சுமும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றாள். பழையதை அழிக்குமுன் றிஸ்னா அந்த அட்டையைத் திறந்தாள். "படமா எடுத்து வெக்கலாம் மாமி, ஆனா மறுகா பேர் போட ஏலா" என்றாள். பிறகு நல்ல தாளில் ஒன்றே ஒன்று அச்சடித்தாள். கொடி இருந்தது, அவள் பெயர் இருந்தது, மணமகன் இடம் அப்படியே வெறுமை. தாயிடம் நீட்டினாள். குல்சும் முதலில் சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அட்டையை மடிக்காமல் பைக்குள் வைத்தாள். மகள் சொன்னது இவ்வளவுதான்:

"மாப்பிள கிடைச்சா பேனையால எழுதிக்கங்க உம்மா."

நான் வருடக்கணக்காக யோசித்ததை அரை நாளில் முடித்துவைத்த றிஸ்னா, இப்போது கொழும்பில் ஒரு கம்பனியின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறாள், கலியாணம் முடிக்கவில்லை.