மலைப்பாதையில் ஒரு கூடை மரவள்ளி

எட்டு வயதில் அப்பாவின் வேலைக்கு உலை வைத்தவள் நான்தான். வீட்டில் யாரும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. அதனாலேயே அது பல வருடம் எனக்குள் உறுத்திக்கொண்டிருந்தது.

பள்ளி விடுமுறை. சித்தியின் பிரசவத்துக்காக அம்மா தைப்பிங் போயிருந்தார். ஈப்போவில் என்னை விட்டுவைக்க ஆளில்லாமல் அப்பா தன் லோரியிலேயே ஏற்றிக்கொண்டார். சிம்பாங் பூலாய் தாண்டி ஒரு மண்பாதையில் ஏறி, காட்டில் வெட்டிய மரங்களைக் கீழே கொண்டுவருவது அவர் வேலை. அன்று ஒரு புதிய மலைச்சரிவில் வெட்டு ஆரம்பம். எங்கள் லோரிதான் முதலில் போனது.

பாதி வழியில் பாதையை அடைத்துப் பாய் விரித்திருந்தார்கள். பாய்களில் பத்திருபது பூர்வகுடிப் பெண்கள், எல்லோரும் வயதானவர்கள், தலையில் இலையால் முடைந்த பட்டை, வாயில் வெற்றிலை. ஆற்றோரத்து நான்கு கிராமங்களிலிருந்து வந்திருந்தார்கள். ஏதோ கல்யாணம் என்று நினைத்து நான் குஷியாகிவிட்டேன்.

அப்பா ஹாரன் அடித்தார். ஒருவரும் அசையவில்லை. ஒரு மூதாட்டி மட்டும் மூங்கிலில் வேகவைத்த மரவள்ளிக் கிழங்கை இலையில் எடுத்துப் பாயின் நடுவில் வைத்து, வந்து சாப்பிடு என்று கை காட்டினார். அப்பாவின் முகம் மாறிவிட்டது.

எங்கள் பக்கம் இதைக் கெம்புனான் என்பார்கள். சாப்பிடக் கூப்பிட்டபின் தொடாமல் கிளம்பினால் வழியில் விபத்து நிச்சயம். மலாய்க்காரர், சீனர், தமிழர் யாரும் இதற்கு விலக்கில்லை. சாமிக்கே டிமிக்கி கொடுக்கிற லோரிக்காரர்கள்கூட இதற்குப் பயப்படுவார்கள். பசியில்லாவிட்டால் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாலே போதும். அந்தப் பெண்கள் கொண்டுவந்திருந்த ஆயுதம் ஒரு கூடைக் கிழங்குதான்.

"தொட்டுட்டு வாரேன், நீ எறங்காத," என்றார் அப்பா. நான் அவருக்கு முன்னால் குதித்துவிட்டேன். காலையில் குடித்த மைலோ எந்த மூலைக்கு? மூன்றாவது துண்டு தின்னும்போது பாயில் சம்மணம் போட்டிருந்தேன். வேறு வழியில்லாமல் அப்பாவும் ஓரமாக உட்கார்ந்தார்.

அவர்கள் அப்பாவைத் திட்டவில்லை. மேலே வெட்டப்போகும் மரங்களை மலாயில் ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். காய்ச்சலுக்கு ஒரு பட்டை, பிள்ளை பெற்றவளுக்கு ஒரு வேர். ஒரு மரம் வயிற்றுவலிக்கா தலைவலிக்கா என்று இரண்டு கிராமத்தாருக்குள் சண்டையே வந்துவிட்டது. வைத்தியம் ஊருக்கு ஊர் வேறு. மரம் நிற்க வேண்டும் என்பதில் மட்டும் நான்கு ஊருக்கும் ஒரே பேச்சு. பிறகு கிழங்கு வைத்தவர், உன் ஊர் எது என்று அப்பாவைக் கேட்டார். கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம் என்றார் அப்பா. தோட்டம் இப்போது இல்லை, வீடுகள் கட்டிவிட்டார்கள், கோயிலையும் இடித்தாயிற்று.

"அன்னைக்கு ரோட்டுல யாரும் உக்காரலையா?" என்றார் மூதாட்டி.

அப்பா எழுந்து போய், லோரியைப் பாதைக்குக் குறுக்கே திருப்பி நிறுத்தினார். சாவியை என் கவுன் பையில் போட்டார். எல்லோரும் தவுக்கே என்று கூப்பிடுகிற முதலாளிக்குப் போன் செய்து, "தவுக்கே, லோரி ரோசாக் லா. கெட்டுப்போச்சு, நகர மாட்டேங்குது," என்றார். நான் வாயைப் பிளந்தேன். பின்னால் வந்த லோரிகள் வரிசையாக நின்றன. ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக இறங்கிவந்து கிழங்கைத் தொட்டார்கள். சிலர் உட்கார்ந்தும் விட்டார்கள்.

மத்தியானம் தவுக்கே ஜீப்பில் வந்தார். அவருக்கும் இலை வைத்தார்கள். கோபத்தில் சிவந்திருந்த மனிதர், கத்துவதற்கு முன் அவசரமாகக் கிழங்கைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஏனோ குரல் எழும்பவில்லை. லோரிக்கு என்ன ஆச்சு என்று என்னிடம்தான் கேட்டார். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று நான் உறுதியாக நம்பிய காலம் அது.

"ஒண்ணும் ஆகல அங்கிள். சாவி என்கிட்டதான் இருக்கு," என்று எடுத்துக் காட்டினேன்.

அந்த இடத்திலேயே அப்பாவின் வேலை போனது. தவுக்கே சாவியை வாங்கி மற்ற ஓட்டுநர்களிடம் நீட்டினார். ஒருவரும் கை நீட்டவில்லை.

மலையிலிருந்து இறங்கிய ஒரு காய்கறி லோரியில் நாங்கள் ஊர் திரும்பினோம். நான் அழுதுகொண்டே வந்தேன். அப்பா சீட்டியடித்துக்கொண்டு வந்தார். துக்கத்தில் மூளை கலங்கிவிட்டது என்று பயந்தேன். அந்தப் பெண்கள் ஊர் மாற்றி ஊர் மாதக்கணக்கில் அங்கே உட்கார்ந்தார்கள். கடைசியில் வெட்டு கைவிடப்பட்டது. சரிவு இன்றும் பச்சையாக இருக்கிறது. அப்பா பள்ளிப் பேருந்து ஓட்டப் போனார்.

போன பொங்கலுக்குத்தான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அப்பா சிரித்தார். "ஒன் வாயில என்னைக்கு எது நின்னுச்சு? தெரிஞ்சுதானே சாவிய ஒன்கிட்ட குடுத்தேன்."

பதினோரு வருடம் சம்பளம் கொடுத்தவரின் முகத்தைப் பார்த்து 'ஓட்ட மாட்டேன்' என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. நான் அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டதாக அழுதேனே தவிர, அன்று அந்த மலையில் அவர் நம்பியிருந்தது என் ஓட்டைவாயைத்தான் என்பது எனக்குத் தெரியவில்லை.