கீழமாசி வீதிக்குப் படிக்கட்டு கிடையாது

என் வீட்டுக்காரர் மதுரையில்தான் இறந்தார். அரூரிலிருந்து லாரியில் புளி லோடு ஏற்றிக்கொண்டு போனவர், லோடை இறக்கிவிட்டு ஒரு டீக்கடையில் உட்கார்ந்தார். அப்படியே சாய்ந்துவிட்டார். அவருடைய போனிலிருந்தே அந்தக் கடைக்காரம்மா எனக்குச் சொன்னார். மூன்று மாதம் ஆகிறது. போன புதன்கிழமை அந்தக் கடையைத் தேடி நான் மட்டும் மதுரைக்குப் போனேன்.

எங்கள் பக்கம் உயிர் போகிற நேரத்தில் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது பெண்டாட்டி கையால் நடக்க வேண்டியது. என் கையால் நடக்கவில்லை. வேறு யாராவது ஊற்றினார்களா, நாக்கு நனைந்துதான் போனாரா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதைக் கேட்கத்தான் போனேன். ஐந்தாவது வரை படித்தவள் நான். மதுரைக்கு முதல் தடவையாகத் தனியாகப் போகிற பெண்களுக்கு உதவட்டும் என்று தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

விடியற்காலை நாலரைக்கு அரூரில் பஸ் ஏறினேன். ஆறேகாலுக்குச் சேலம். ஆறரைக்கு மதுரை பஸ், டிக்கெட் நூற்றுத் தொண்ணூறு ரூபாய். பதினொன்று நாற்பதுக்கு ஆரப்பாளையத்தில் இறக்கிவிட்டார்கள். சேலம் பக்கத்து பஸ் எல்லாம் அங்கேதான் நிற்கும், ஊருக்கு நடுவே போகாது. அங்கிருந்து டவுன் பஸ்ஸில் பெரியார் பஸ் நிலையத்துக்குப் பதினைந்து நிமிடம். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆனால் எந்த பஸ்ஸில் என்று கேட்டு ஏறுங்கள். நான் கேட்காமல் ஒன்றில் ஏறி, கண்டக்டர் சொல்லி இறங்கி, மறுபடி ஏறினேன்.

என்னிடம் இருந்த விலாசம் லாரி முதலாளி சொன்னது: கீழமாசி வீதி, தேர்முட்டி பக்கம் டீக்கடை. பெரியாரில் இறங்கினால் எதிரே 'மேல வெளி வீதி' என்று பலகை. சரி, நாம் மேலே நிற்கிறோம், கீழே இறங்க வேண்டும் போல என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் மேலத் தெரு மேட்டில் இருக்கும், கீழத் தெரு பள்ளத்தில் இருக்கும். இங்கே மேடும் தெரியவில்லை, பள்ளமும் தெரியவில்லை. கொய்யாப்பழம் விற்றவரிடம், "கீழ எப்படிங்க எறங்கறது?" என்று கேட்டேன். அவர் தராசிலிருந்து தலையைத் தூக்காமல் கையை மட்டும் நீட்டினார். அங்கே படி இருந்தது. இறங்கினேன்.

கீழே ஒரே இருட்டு. வரிசையாக மோட்டார் சைக்கிள்கள். காவலுக்கு இருந்தவர் எழுந்து வந்தார்.

"அக்கா, டோக்கன்?"

"டோக்கன் இல்லீங்க. இது மாசி வீதிங்களா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இது வண்டி நிப்பாட்டுற எடம்க்கா. எந்த மாசி வீதி? நாலு இருக்கு."

"கீழமாசிங்க. அதான் கீழ வந்தேன்."

"அடியாத்தி! கீழன்னா கெழக்குக்கா. மேலன்னா மேக்கு. அப்ப மேலமாசி வீதிக்குப் போகணும்னா மாடியேறுவீகளோ?" சிரித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மேலே வரைக்கும் கூடவே வந்து வழி காட்டினார். "கோபுரத்தப் பாத்துக்கிட்டே போங்க. தப்பாது."

எனக்குத் தப்பியது. கோபுரம் ஒன்றா இரண்டா? எந்தச் சந்தில் திரும்பினாலும் ஒரு கோபுரம் நிற்கிறது, எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. சூரியனைப் பார்த்துத் திசை சொல்லத் தெரிந்தவள் நான், ஆனால் அப்போது உச்சிவெயில், சூரியன் நேரே தலைமேல். தெற்குமாசி வீதி என்று ஒரு பலகை படித்தேன். நடந்தேன். தெற்கு ஆவணி மூல வீதி என்றது. மறுபடி நடந்து, மறுபடி தெற்குமாசி. ஒரு ஜவுளிக்கடை வாசலில் நின்றவர், "என்னக்கா, மூணாவது ரவுண்டா? கோயிலச் சுத்துனாலாச்சும் புண்ணியம் உண்டு," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொல்லி, ஒரு பெட்டியின் மேல் விரலால் கோடு போட்டுக் காட்டினார். நடுவில் கோயில். அதைச் சுற்றிச் சதுரமாகச் சித்திரை வீதி, அதற்கு வெளியே ஆவணி மூலம், அதற்கு வெளியே மாசி, கடைசியில் வெளி வீதி. ஒவ்வொன்றுக்கும் நாலு திசை. இதைப் பெரியாரிலேயே யாராவது சொல்லியிருந்தால் ஒன்றரைக் கிலோமீட்டர்தான். ஆட்டோவுக்கு எண்பது ரூபாய் கேட்டார்கள், வேண்டாம் என்றது என் தப்பு.

இரண்டரைக்குக் கீழமாசி வீதி வந்தேன். வீதி முழுக்க மூட்டை, மிளகாய் நெடி. தேர் நிறுத்தியிருக்கிற இடத்தைத்தான் தேர்முட்டி என்கிறார்கள். அதன் பக்கத்திலேயே கடை. நாற்பது வயது இருக்கும் அந்தம்மாவுக்கு, பெயர் பாண்டியம்மாள். ஊரைச் சொன்னதும் பாய்லரை விட்டுவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இம்புட்டு தூரம் ஒத்தையிலயா வந்தீக?"

சுற்றி வளைக்காமல் கேட்டேன். தண்ணீர் கொடுத்தீர்களா என்று.

"குடுத்தேன்னு ஒரு வார்த்தையில முடிச்சிரலாம்க்கா. மனசு வரல. சொம்ப எடுத்துட்டுத் திரும்புறதுக்குள்ள அண்ணே போயிட்டாரு. தண்ணி உள்ள எறங்கல."

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னார்: "ஆனா டீயை முழுசாக் குடிச்சாரு. 'வீட்டுல ஆறு வருஷமாச் சீனியக் கண்ணுல காட்ட மாட்டேங்குறா, நீயாச்சும் ரெண்டு கரண்டி சேத்துப் போடு தாயி'ன்னாரு. போட்டேன். இன்னும் ஒண்ணுன்னு கிளாஸ நீட்டினாரு. அதையும் போட்டேன். எனக்கு அவருக்குச் சர்க்கரை வியாதின்னு தெரியாதுக்கா."

மூன்று கரண்டி! ஒவ்வொரு மாதமும் நான் ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று மாத்திரை வாங்கி வந்த மனுஷன். "ஏய்யா, உனக்கு அறிவிருக்கா?" என்று வாய்விட்டே திட்டிவிட்டேன். பாண்டியம்மாள் பயந்துபோய்த் தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்தார். உங்களை இல்லை என்று சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது, பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். வீதிப் பெயரைத் திசையோடு முழுசாக எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நடுப்பகலில் வழி தேடாதீர்கள், காலையிலோ சாயங்காலமோ தேடுங்கள். கடைக்காரர்களிடம் கேளுங்கள், கிண்டல் செய்தாலும் வழி சொல்லிவிடுவார்கள். திரும்பி வர ஆரப்பாளையத்துக்கே போக வேண்டும். நான் நாலரை பஸ்ஸைப் பிடித்தேன்.

போனது நல்லதா, போகாமலே இருந்திருக்கலாமா, எனக்கு இன்னும் விளங்கவில்லை. தண்ணீர் இறங்கவில்லை என்பது உண்மை. தித்திப்போடு போனார் என்பதும் உண்மை. திண்டுக்கல் வரை முணுமுணுவென்று திட்டிக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு, "யாரம்மா, வீட்டுக்காரரையா?" என்று கேட்டார்.

"ஆமாங்க," என்றேன். "சொன்ன பேச்சே கேக்கறதில்ல."