கிராணி ஆபீஸாகிப் போன என் இன்பாக்ஸ்

அடுத்த வீட்டு இமெயிலைத் திறந்து படித்துச் சொல்கிற வேலைக்குச் சம்பளமும் இல்லை, லீவும் இல்லை. தாமான் குடியிருப்பில் லேப்டாப் வைத்திருக்கும் இல்லத்தரசிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கான்வென்ட்டில் படித்தவள் என்று ஒருமுறை வாய்தவறிச் சொன்னேன். அன்றோடு என் காலைப்பொழுது போச்சு.

நாலு வீட்டுக்கு ஒரு அட்ரஸ்

ஒரு நாள் என் இன்பாக்ஸில் எதிர்வீட்டுப் பெரியசாமி அண்ணனின் லோரி இன்சூரன்ஸ் வந்து கிடந்தது. கீழே பக்கத்து வீட்டு லெட்சுமியக்காவுக்கு ஒரு கடிதம். விசாரித்தால், நாலு வீட்டுக்காரர்களும் எங்கே கேட்டாலும் என் இமெயிலைத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

ஏமாற்று வேலை இல்லை, பழக்கம். எல்லாரும் கோலா சிலாங்கூர் பக்கம் ஒரே தோட்டத்து லய வீடுகளில் வளர்ந்தவர்கள். அங்கே எல்லார் கடிதமும் தோட்ட ஆபீஸ் முகவரிக்கு வரும், ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி பிரித்துக் கொடுப்பார். இப்போது கிராணி நான். அக்காவிடம் சத்தம் போட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: “பேரு போட்டுத்தானே வருது ரோசி? பாத்துப் பிரிச்சுக் குடு.”

எது நல்லது?

ஆளுக்கு ஒரு இலவச இமெயில் திறந்து கொடுத்துக் கைகழுவ நினைத்தேன். மூன்று சேவைகளைப் பார்த்தேன். ஒன்றில் கடிதத்தைவிட விளம்பரம் அதிகம். இன்னொன்று, சில மாதம் எட்டிப் பார்க்காவிட்டால் கணக்கையே மூடிவிடும். மூன்றாவதில் இடம் நிறைய. பாஸ்வர்ட் மறந்தால் கைப்பேசிக்கு ஒரு எண் அனுப்பும், அதைத் தட்டினால் திறக்கும்.

இதையெல்லாம் தாளில் கோடு போட்டு எழுதி பெரியசாமி அண்ணனிடம் நீட்டினேன். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “எதுலயாவது தொறந்து விடு தங்கச்சி. எப்படியும் நீதானே படிக்கப்போற.”

தூக்கிப் போட்ட சிம்

மூன்றாவதில் திறந்து கொடுத்தேன். இரண்டே மாதத்தில் லெட்சுமியக்கா பாஸ்வர்ட் மறந்துவிட்டதென்று வந்தார். கைப்பேசிக்கு எண் அனுப்பச் சொன்னேன். வரவில்லை. எப்படி வரும்? பழைய சிம் குப்பைக்குப் போய்ப் பல நாளாகிறது. “புது சிம்முல டேட்டா சும்மா குடுக்குறான்லா. பழச வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?”

அன்றே ராஜினாமா. எனக்கென்று வேறு சேவையில் புது அட்ரஸ் திறந்தேன். கணவரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. பழையதை எட்டியும் பார்க்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குள்

லெட்சுமியக்கா பத்து வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைக்கிறவர். முட்டி போய்விட்டது. சபாக் ஊரில் ஒரு விடுதிக்குச் சமையல்காரி வேண்டுமென்று தெரிந்து மனுப் போட்டிருந்தார். கல்யாண வீட்டுக்கே தனியாகக் குழம்பு வைக்கிற கை அது. நேர்காணல் கடிதம் இமெயிலில் வரும் என்றார்களாம்.

ஒரு காலை, மனுப் போட்ட மற்றவர்களுக்குக் கடிதம் வந்துவிட்டதென்று கேள்விப்பட்டு ஓடிவந்தார். பூட்டிக்கிடந்த அவர் பெட்டியை ஒரு மணி நேரம் தட்டினேன். நாளைக்கு முயற்சி செய் என்றது. சிம்மைப் போட்டதற்குத் திட்டித் தீர்த்தேன். அக்கா சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கிய பிறகுதான், மனுவில் எந்த அட்ரஸ் கொடுத்தீர்கள் என்று கேட்கத் தோன்றியது. என்னுடையதாம். பழையது.

திறந்தேன். இடம் நிரம்பி, இனி எதுவும் வராது, போகாது என்று சிவப்பில் எழுதியிருந்தது. கடைசியாக உள்ளே நுழைந்தது அந்தக் கடிதம்தான். மறுநாள் நேர்காணல், வருவதாக இருந்தால் இன்று பன்னிரண்டு மணிக்குள் பதில் போட வேண்டும். மணி பதினொன்று நாற்பது. பெரியசாமி அண்ணனின் லோரி டயர் விளம்பரங்களைக் கொத்துக்கொத்தாக அழித்து இடம் பண்ணி, பதில் அனுப்பி, நிமிர்ந்தபோது எட்டு நிமிடம் மிச்சம்.

உங்களுக்கென்று திறந்து கொடுத்த பெட்டியை விட்டு ஏன் என்னுடையதைக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

“அது பூட்டிக்கிச்சு, சிம்மும் மாறிப்போச்சு. நீ எங்க போகப்போற ரோசி?”

வேலை கிடைத்துவிட்டது, நியமனக் கடிதமும் என் பழைய அட்ரஸுக்குத்தான் வந்தது.

ஆக, எந்த இமெயில் சேவை நல்லது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இடம் எவ்வளவு, பூட்டு எப்படி என்பதையெல்லாம் அப்புறம் பாருங்கள், முதலில் பக்கத்து வீட்டில் திட்டிக்கொண்டே திறந்து பார்க்க ஒருத்தி இருக்கிறாளா என்று பாருங்கள்.