குண்டு பல்புக்கு நான் தேடிய பொருள்

குடிசைக்கு ஒரு விளக்கு அரசாங்கமே தருகிறது என்று ஒயர்மேன் ஃபாரத்தோடு எங்கள் தெருவுக்கு வந்தபோது, என் கண்ணில் விழுந்தது அதிலிருந்த ஒரே ஒரு சொல்தான்: இன்கேன்டசென்ட். காலேஜ் முதல் வருஷம் படித்தும் நான் பார்த்திராத சொல்.

“இது என்னங்க?”

“குண்டு பல்புதாம்மா. வெள்ளைக்காரன் நீட்டமா பேரு வச்சுட்டான். நீ அப்பா பேரை எழுது.”

எனக்கு அது போதவில்லை. மறுநாள் குடவாசல் நூலகத்தில் தடித்த அகராதியோடு உட்கார்ந்தேன். சூடேறி வெள்ளையாக ஒளிர்கிற என்பது முதல் பொருள். இரும்பைக் காய்ச்சினால் முதலில் சிவக்கும், மேலும் காய்ச்சினால் வெளுக்கும், அந்த வெளுப்பு. பிறகு, சுடர்விடும் பேச்சுக்கும் எழுத்துக்கும் சொல்லலாமாம். கடைசியாக, கோபத்தில் கொதிக்கிற. வேர், வெண்மையைக் குறிக்கும் லத்தீன் சொல். ரோமாபுரியில் பதவிக்கு நிற்பவர்கள் ஆடையை வெளுத்துக் கட்டிக்கொண்டு ஆதரவு கேட்பார்களாம். வேட்பாளருக்கான ஆங்கிலச் சொல்லுக்கும் அதே வேர். நூலகத்திலேயே சிரித்துவிட்டேன்.

ஓட்டமாக வீட்டுக்கு வந்தால், மிராசுதாரின் நிலங்களைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் வாசலில் நிற்கிறார். எங்கள் குடிசை இருப்பது மிராசுதார் நிலத்தில். விளக்குக்கு ஆட்சேபணை இல்லை என்று அவர் எழுதித் தர வேண்டும். கூலி உயர்வு கேட்டு அப்பா கொடி பிடித்த நாளிலிருந்து அந்தப் பக்கத்து ஆட்கள் எங்கள் தெருவை மிதித்ததில்லை. இப்போது கடிதத்தோடு தானாகவே வந்திருக்கிறார், கையில் மை டப்பி வேறு.

“அட, காலேஜு வந்துடுச்சே! படிச்சுச் சொல்லும்மா, கீழே சம்மதம்னு அப்பா ரேகை வைக்கட்டும்.”

படித்தேன் என்றா சொல்வது? ‘ஆட்சேபணை இல்லை’ என்ற இடத்தைத் தேடிப் பிடித்தேன். “சரியா இருக்குப்பா, வைங்க” என்றேன். காரியக்காரர் வாசலைத் தாண்டுவதற்குள் லத்தீன் கதையை ஆரம்பித்துவிட்டேன்.

“ஓட்டுக் கேக்க நிக்கிறவங்களுக்கும் இந்த பல்புக்கும் ஒரே வேரும்மா!”

“ரெண்டும் எலெக்‌ஷன் வந்தாத்தானே நம்ம தெருவுக்கு வருது” என்றாள் அம்மா.

பல்பு வந்தது. அடுத்த மாதம் தாலுகா ஆபீசில் மனைப் பட்டா விசாரணை. குடியிருக்கும் இடத்தை எங்கள் பேருக்கே எழுதித் தரச் சொல்லி அப்பா வருஷக்கணக்காக நடந்தது இதற்காகத்தான். காரியக்காரர் அந்தக் கடிதத்தின் நகலை எடுத்து நீட்டினார். நான் தாவிப்போன வரி அதில் இருந்தது: ‘பண்ணைக் காவலுக்காக எங்கள் அனுமதியின்பேரில் தங்கியிருக்கும் ஆள், மனையில் உரிமை ஏதும் இல்லை.’ கீழே, சம்மதம் என்று அப்பாவின் ரேகை.

மனு தள்ளுபடி.

தெரியாத ஒரு சொல்லுக்குப் பகல் முழுக்கச் செலவழித்தவளுக்கு, தெரிந்த தமிழில் ஒரு வரி படிக்க அரை நிமிஷம் இல்லை. அப்பா திட்டியிருந்தால்கூடத் தேவலை. “அவன் எழுதிக்கிட்டு வந்ததுக்கு நீ என்ன பண்ணுவே” என்று சொல்லிவிட்டு நாற்றுப் பறிக்கப் போய்விட்டார்.

‘கடிதத்தைச் சரியாகப் படித்துக் காட்டாதவள் நான்’ என்று வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனேன்.

“இதுக்கு ஃபாரம் கிடையாதும்மா” என்றார் கிளார்க். “அப்பீல்னா அப்பாவை வரச் சொல்லு.”

“தப்பு பண்ணினது நான்தானேங்க?”

“அதெல்லாம் நாங்க எழுதிக்க முடியாது.”

நான்கு முறை போயும் தாளை வாங்கவில்லை. கடைசியில் அப்பீல் மனுவை எழுதி, ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கடிதத்திலிருந்த ‘பண்ணைக் காவலுக்காக’ என்பதை எடுத்துச் சொன்ன மூன்றாவது வரியிலேயே நிறுத்தினார்.

“காவலுக்குன்னா? நான் என்னைக்கு அவன் பண்ணையில காவல் காத்தேன்? உங்க தாத்தா காலத்துலேர்ந்து இங்கதானே குடியிருக்கோம். அதை எழுது மொதல்ல.”

அடித்துவிட்டு, முதல் வரியிலிருந்து திரும்ப எழுதினேன்.