அம்மாவின் பால்வாளி

மகளின் பாலர்பள்ளியில் குடும்பப் படம் கேட்டிருந்தார்கள். ரப்பர் தோட்டத்தில் எடுத்த அம்மாவின் கறுப்பு வெள்ளைப் படத்தை ஸ்கேன் செய்தேன். அம்மா தலையில் துண்டு கட்டி, கையில் ரப்பர் பால் சேர்க்கும் வாளியோடு நிற்கிறாள்.

"வாளிய கட் பண்ணிடுலா. பிள்ளைங்க கேலி பண்ணும்," என்றார் கணவர்.

மகள் தாங்குவாளா என்று எனக்கும் பயம்தான். ஆனால் படத்தைக் கழற்றி எடுத்த சட்டத்தில் இன்னும் சாம்பிராணி வாசம் இருந்தது. தோட்டத்து வீட்டில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த படம் இது. தைப்பிங்கிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று, சித்தி இதைக் கட்டிலுக்கடியில் ஒளித்தாள். அம்மா எடுத்து, முந்தானையால் துடைத்து, மறுபடி மாட்டினாள்.

"பால்மரம் சீவித்தான் இவள வளத்தேன். பாக்கட்டும்லா. பிடிக்கலன்னா தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவட்டும்."

வாளி முழுதாகத் தெரிகிறதா என்று இருமுறை பார்த்துவிட்டு ஆசிரியைக்கு அனுப்பினேன்.